கிலோ குறைந்தால் அரைப்பேர்

எப்படி இளைத்தாய் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். எனக்கு வயது 42, உயரம் 158 சென்டிமீட்டர், கிளினிக் தராசில் முதல்முதல் ஏறியபோது 93 கிலோ. சீனி வருத்தம் (நீரிழிவு), பிரஷர் ரெண்டையும் ஒரே நாளில் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தார்கள். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் டவுனில் ஒரு ஒபிசில் கணக்கு எழுதும் வேலை, காலையில் உட்கார்ந்தால் பின்னேரம்தான் எழும்புவது, நடுவில் ஏழு கப் தேத்தண்ணி, கப்புக்கு ரெண்டரைக் கரண்டி சீனி. ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு நாளைக்குப் பதினேழு கரண்டிக்கு மேல், அதாவது 70 கிராமுக்கு மேல், ஏறக்குறைய 300 கலோரி, அதுவும் பசியே ஆறாமல். தேயிலைக்கு நடுவில் பிறந்தவளிடம் தேத்தண்ணியை விடு என்றால் நடக்குமா? சீனியை மட்டும் விட்டேன். முதல் ஒரு மாதம் அம்மாயி குடித்த மாதிரி ஒரு சின்னத் துண்டு சர்க்கரையை, அதாவது வெல்லத்தை, கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி, அப்புறம் அந்தத் துண்டும் இல்லை. ராத்திரி நாலு ரொட்டி ரெண்டானது, தட்டில் பாதி போஞ்சியோ கோவாவோ (முட்டைக்கோஸ்) கீரையோ வந்தது, பின்னேரம் கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டில் மூன்று கிலோமீட்டர் நடை. பதினாலு மாதத்தில் 68 கிலோ.

ஆனால் இளைத்த பிறகு என்னவெல்லாம் வரும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வந்தது குளிர். சிரிக்காதீர்கள், நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், எங்கள் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே, குளிர் எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்றுதான் 40 வருஷம் நினைத்திருந்தேன். ஒபிசில் எல்லாரும் ஸ்வெட்டரோடு இருக்கும்போது ஜன்னலைத் திறக்கச் சொல்பவள் நான். பதினாறு கிலோ போனபின் வந்த ஜனவரியில் விரல் நுனிகள் நீலம் பூத்து, பேனை பிடிக்க முடியாமல், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெயிலில் போய் நிற்க வேண்டி வந்தது. உடம்பைச் சுற்றியிருந்த கொழுப்பு ஒரு கம்பளி மாதிரி, அது கழன்றுவிட்டது என்பது ஒரு காரணம். இன்னொன்று, சாப்பாடு குறைந்ததும் உடம்பும் சிக்கனம் பிடிக்கத் தொடங்கும், சூடு உண்டாக்குவதைக் குறைத்துவிடும். ரெண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில், 1944-45இல், அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைப் பல மாதம் அரைப்பட்டினியாக வைத்துப் பார்த்தார். என்னை விடக் கடுமையான பட்டினி அது, ஒப்பிடக்கூடாது. ஆனாலும் அவர்களுக்கும் குளிர் எடுத்தது, எரிச்சல் வந்தது, தலைமயிர் கொட்டியது, பலர் எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டு சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள் என்று வாசித்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு யாரோ பிரியாணி ஆக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

குளிருக்குக் காலுறையும் ஸ்வெட்டரும் போதும். ஆனால் குளிரோடு அசதியும் மலச்சிக்கலும் சேர்ந்தால் தைரோயிட்டையும் ரத்தத்தையும் ஒருதடவை பார்த்துவிடுங்கள். எனக்குத் தைரோயிட் சரியாக இருந்தது, இரும்புச்சத்துதான் அடிமட்டத்தில் கிடந்தது.

அந்த இரும்புச்சத்து விஷயம் வெளியே வந்ததே தலைமயிரால்தான். மூன்றாம் மாதம் முடியும்போது கொட்டத் தொடங்கியது. சீப்பில், தலையணையில், குளிக்கிற இடத்துத் தண்ணீர்த் துவாரத்தில், ஒருநாள் ரொட்டி மாவுக்குள்கூட. அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, கண்ணூறுதான். வெள்ளிக்கிழமை காய்ந்த மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். நான் என் பங்குக்கு நாலு விதமான எண்ணெய் வாங்கிக் காசைக் கரைத்தேன். ரெண்டும் வேலை செய்யவில்லை. கிளினிக் டொக்டர்தான் விளக்கினார்: எடை வேகமாகக் குறைந்தால் உடம்பு அதை ஓர் அதிர்ச்சியாக எடுத்துக்கொள்ளும், வளர்ந்துகொண்டிருந்த மயிரில் ஒரு பகுதி ஒரேயடியாக ஓய்வுக்குப் போகும், ரெண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து விழும், பிள்ளை பெற்றபின் கொட்டுவது மாதிரிதான், வேர் சாகாது. பெரும்பாலும் ஆறு மாதத்தில் கொட்டுவது நின்றுவிடும் என்றார், எனக்கு ஐந்தில் நின்றது. இப்போது நெற்றியோரம் குட்டி மயிர்கள் முள்ளு முள்ளாக நிற்கின்றன. அப்படிச் சொல்லிவிட்டு அவர் கேட்ட கேள்விதான் முக்கியம்: சாப்பிட்டதும் தேத்தண்ணி குடிப்பீங்களா? இதென்ன கேள்வி, தோட்டத்தில் பிறந்தவர்கள் சோற்றோடேயே குடிப்போம். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாதாம், கீரை பருப்பிலிருந்து வருவதை முக்கியமாக. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணிநேரமாவது விடுங்கள், முட்டை, நெத்தலி, பருப்பு என்று புரதம் கூடுதலாகச் சாப்பிடுங்கள் என்றார். எண்ணெய்க்குக் கொடுத்த காசில் எத்தனை முட்டை வாங்கியிருக்கலாம்!

வேகம் என்றேனே, அது முழுக்க என் முட்டாள்தனம். முதல் ஏழு வாரத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தியிருந்தேன், சில நாள் காலையிலும் வெறும் தேத்தண்ணி. அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் வடையும் கோழிக்கறியும் சாப்பிட்ட ராத்திரி, வலது விலாவுக்குக் கீழே பிடித்தது பாருங்கள் ஒரு வலி, முதுகு வரைக்கும். எங்கள் ஊரில் நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் எது வலித்தாலும் அதற்கு ஒரே பெயர் கேஸ்ட்ரைட்டிஸ். மருந்துக்கடையில் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு மூன்று தடவை தாங்கிக்கொண்டேன். நாலாவது தடவை ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கல். வேகமாக இளைத்தால் ஈரல் பித்தத்துக்குள் கூடுதலாகக் கொழுப்பைத் தள்ளும், சாப்பிடாமல் கிடந்தால் பித்தப்பை சுருங்கி அதை வெளியேற்றாது, தேங்கித் தேங்கிக் கல்லாகும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் நான் வாரத்துக்கு அரைக்கிலோ ஒரு கிலோவோடு நின்றிருப்பேன். அப்படி வலி வந்து கூடவே காய்ச்சலோ கண் மஞ்சளோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். என் கல்லுக்கு இன்னும் சத்திரசிகிச்சை வரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, குளிசை. எடை குறையக் குறைய பிரஷரும் தானாக இறங்கும், ஆனால் நாம் 93 கிலோவுக்கு எழுதிய அதே பிரஷர்க் குளிசையைத்தான் முழுங்கிக்கொண்டிருப்போம். ஒருநாள் விடிய எழும்பி அடுப்படிக்குப் போனவள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. அளந்தால் 94க்கு 60. டொக்டர் பாதியாகக் குறைத்தார், பிறகு ஒன்றை நிறுத்தினார். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் ஐந்தாறு கிலோ குறைந்ததும் அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல் போய்ச் சொல்லுங்கள். சீனிக்கு கிளிக்ளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் இன்னும் கவனம், சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மருந்தைக் குறைக்காவிட்டால் சீனி ஒரேயடியாக விழுந்து மயக்கம் வரும். நான் மெட்போர்மின் மட்டும்தான் எடுத்தேன், அதில் அந்தப் பயம் குறைவு.

மற்றச் சின்னச் சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பஸ் சீட்டில் உட்கார்ந்தால் வால் எலும்பு வலித்தது, முன்பு மெத்தை கூடவே வந்ததால் தெரியவில்லை. செருப்பு அரை இலக்கம் பெரிதானது. தாலிக்கு அடுத்தபடி நான் கழற்றாத மோதிரம் ஒருநாள் துணி துவைக்கும்போது தண்ணீரோடு போய், வாய்க்காலில் அரை மணிநேரம் தேடி எடுத்தேன். மாதவிலக்கு ரெண்டு மாதம் குழம்பி, அப்புறம் பல வருஷமாக இல்லாத ஒழுங்கில் வந்தது (ஒழுங்கில்லாமல் வருகிறது என்ற தைரியத்தில் குடும்பக் கட்டுப்பாட்டை விட்டிருப்பவர்கள் கவனிக்கவும், இளைத்தால் கரு தங்கும் வாய்ப்பும் கூடும்). முழங்கால் வலி மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போனது. ஒரு கிலோ குறைந்தால் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறதாம். சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஐயாயிரம் படிக்கு மேல் ஏறி இறங்கினேன் இந்த சீசனில், முந்தின தடவை இந்திக்கட்டுப்பானை வரைக்கும் போய்த் திரும்பியவள்.

தோல் தொங்கும் என்று தெரியும், ஆனால் மழைக்காலத்தில் அது என்ன பாடுபடுத்தும் என்று தெரியாது. மே மாதம் தொடங்கினால் எங்கள் பக்கம் துணி காய்வதில்லை, அடுப்புக்கு மேல் கொடி கட்டிப் புகை நாற்றத்தோடு உடுத்துவோம். அந்த ஈரத் துணியும் அடிவயிற்றில் மடிந்து தொங்கும் தோலும் சேர்ந்து புண்ணாகி, பூஞ்சை பிடித்து, நடக்க முடியாமல் ஒரு வாரம். இப்போது குளித்தபின் மடிப்பைத் தூக்கி நன்றாகத் துடைத்து, பழைய பருத்திச் சேலைக் கிழிசல் ஒன்றை இஸ்திரி போட்டு மடிப்புக்குள் வைத்துக்கொள்கிறேன். அழகில்லைதான். புண் வரவில்லை.

சரி, மனசுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் இளைத்தால் யாரும் வாழ்த்த மாட்டார்கள். "என்னா புள்ள, சீனி முத்திருச்சா?" என்றார் பக்கத்து வீட்டு மாமி. "வூட்ல ஏதும் பிரச்சினையா?" என்று தனியே கூப்பிட்டுக் கேட்டார் இன்னோர் அக்கா. ஒரு சாவு வீட்டில் என் காதுபடவே ஒருவர் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட்டார். முதலில் கோபமாக வந்தது. அப்புறம் யோசித்தால், லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்த அந்த மனுஷர்கள் இளைத்துப் பார்த்தவர்கள் எல்லாம் கசம் (காசநோய்) வந்தவர்கள், குடித்தே கரைந்தவர்கள், பட்டினி கிடந்தவர்கள். தானாக விரும்பி இளைத்த ஆளை அவர்கள் எங்கே கண்டார்கள்? அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு முயற்சியும் இல்லாமல் எடை குறைந்தால் அது நோயாக இருக்கலாம், கட்டாயம் பார்க்க வேண்டும். நான் இப்போது ஒரே பதில் வைத்திருக்கிறேன், "டொக்டர் சொன்னாரு மாமி, நான்தான் கொறச்சேன்." டொக்டர் பெயரைச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பஸ் கண்டக்டர் பையன் ஒருத்தன் இருக்கிறான். வருஷக்கணக்காக என்னைச் சிங்களத்தில் "அன்ட்டி, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று முன்னால் தள்ளிக்கொண்டிருந்தவன், ஒருநாள் "நங்கி, மெதன இந்தகன்ன" என்று சீட் காட்டினான். நங்கி! தங்கச்சியாம்! அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். ராத்திரி படுத்தபின்தான் கோபம் வந்தது, அப்படியொரு கோபம். 93 கிலோவோடு கால் வீங்கி நின்றபோதுதானே எனக்கு அந்த சீட் தேவைப்பட்டது? ஒபிசிலும் அப்படித்தான், முன்பு என் மேசையைத் தாண்டிப் போனவர்கள் இப்போது நின்று பேசுகிறார்கள். கெட்ட மனுஷர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய என்னிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது இப்போதுதான் எனக்கே தெரிந்தது, அது தெரியாமலே இருந்திருக்கலாம்.

அந்தப் பழைய ஆள் எனக்குள்ளிருந்து இன்னும் போகவுமில்லை. பஸ் நடைபாதையில் இப்போதும் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்கிறேன். கல்யாண வீட்டில் பிளாஸ்டிக் கதிரையைக் கண்டால் முதலில் அதன் காலைப் பார்க்கிறேன், தாங்குமா என்று. துணிக்கடையில் கை தானாகப் பெரிய அளவுக்குப் போகிறது, கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே வேறொன்றை எடுத்துத் தருவாள். உடம்பு இளைத்த வேகத்துக்கு மூளை இளைக்காதாம், மாதக்கணக்காகும் என்கிறார்கள். எனக்கு உதவியது ஒரே ஒரு காரியம்: பழைய சுரிதார் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டேன். சந்தேகம் வரும்போது அந்த ஒன்றைப் போட்டுப் பார்ப்பேன்.

வீட்டுக்காரர் ஓட்டோ ஓட்டுகிறார். நான் பத்து கிலோ குறைந்ததிலிருந்து ராத்திரி வரும்போது கையில் கொத்துரொட்டிப் பார்சலோடு வரத் தொடங்கினார், அதுவும் முட்டைக்கொத்து, எனக்குப் பிடித்தது. மூன்று நாள் பொறுத்து நாலாம் நாள் சண்டை பிடித்தேன், நான் இளைப்பது பிடிக்கவில்லையா என்று. அவர் பார்சலைப் பிரித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் ஒன்னா உக்காந்து சாப்புட்டு எத்தன நாளாச்சு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியபோது எங்கள் பேச்சையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறேன், பதினெட்டு வருஷமாக அந்தத் தட்டுக்கு முன்னால்தான் நாங்கள் பேசியிருக்கிறோம். இப்போது சனிக்கிழமை ஒரு கொத்து, மூன்று பேருக்குப் பங்கு. மற்ற நாளில் என் ரெண்டு ரொட்டியை அவர் வரும்வரை வைத்திருந்து சாப்பிடுகிறேன்.

அப்பா செத்த வருஷம் எனக்கு பதினொரு கிலோ ஏறியது. அழவில்லை, சாப்பிட்டேன். ராத்திரி எல்லாரும் படுத்தபின் தேத்தண்ணியில் பிஸ்கட் தோய்த்து ஒரு பாக்கெட் முடியும்வரை. அந்த பிஸ்கட்டை நிறுத்தி மூன்று வாரத்தில், காரணமே இல்லாமல், ஒபிஸ் மேசையில், ரசீதுப் புத்தகத்தின் மேல் அழுகை வந்தது. ஏழு வருஷம் பிந்தி வந்த சாவு மாதிரி இருந்தது. இதற்கு நடையும் கீரையும் உதவாது, ஆள் வேண்டும். எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாள், பின்னேரம் என்னோடு நடந்தாள், கேட்டுக்கொண்டே வந்தாள். ஆள் இல்லாதவர்கள், ரெண்டு வாரமாகத் தூக்கமும் இல்லை எதிலும் மனசும் இல்லை என்றால் 1926க்கு எடுங்கள், இலங்கை அரசாங்கத்தின் மனநல உதவித் தொலைபேசி இலக்கம், தமிழிலும் பேசலாம்.

அம்மாவை கடைசிக்கு வைத்தேன், அதுதான் கஷ்டம்.

அம்மா முப்பத்திரண்டு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு, தராசுக்கு முன்னால் வரிசை. சொன்ன கிலோ எடுத்தால் ஒரு பேர், எடுக்காவிட்டால் அரைப்பேர், அரை நாள் சம்பளம். எத்தனையோ நாள் ஒரு கிலோ ரெண்டு கிலோவில் பேர் போய், ஈரச் சேலையோடு வந்து பேசாமல் அடுப்பு மூட்டுவார். அவர் ஒருநாளும் 45 கிலோவுக்கு மேல் இருந்ததில்லை. நான் மட்டும் படித்து, ஒபிசில் உட்கார்ந்து, சதை போட்டேன். கோயில் திருவிழாவில் என்னை முன்னால் விட்டுப் பின்னால் நடப்பார், பாருங்கள் என் பிள்ளையை என்பது போல. அந்த உடம்பு அவர் சம்பாதித்தது என்று எனக்குத் தெரியவில்லை, கரைத்த பிறகுதான் தெரிந்தது. பத்தாம் மாதம் கண்ணாடி முன் தலை சீவும்போது என் கழுத்தெலும்பு ரெண்டும் தெரிந்தன, குழியோடு. அது என் கழுத்தில்லை, அம்மாவுடையது. பின்னால் நின்ற அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மாதிரி ஆயிறாதடி பாப்பா" என்றார். நான் சீனி, பிரஷர், ரிப்போர்ட் என்று எல்லாம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கென்னா தெரியும், கிலோ கொறஞ்சா அரைப்பேருதான்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அதற்குப்பின் கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப்போனேன். டொக்டர் என் பழைய ரத்த ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, அம்மாவுக்கே நேராக, பொறுமையாக விளக்கினார். அம்மா தலையாட்டினார். நம்பினாரா என்று சொல்ல முடியாது, ஆனால் அன்றிலிருந்து என் தேத்தண்ணியில் களவாகச் சீனி போடுவதை நிறுத்திவிட்டார் (ஆமாம், அதுவும் நடந்தது).

தீபாவளிக்குப் பின் 70க்கு ஏறிவிட்டேன். முறுக்கு, பலகாரம், சொந்தக்காரர் வீடு, மழை வந்து நடையும் இல்லை. இளைத்த உடம்புக்குப் பசி கூடுதல், பழைய எடைக்கே இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும், அது நம் மனத்திடம் போதாததால் மட்டும் இல்லை, பசியை அடக்கும் லெப்டின் என்ற சுரப்பு கொழுப்போடு சேர்ந்து குறைந்துவிடுவதும் ஒரு காரணம் என்று டொக்டர் சொல்லியிருந்ததால் நான் அவ்வளவு பதறவில்லை. போன வியாழக்கிழமை கிளினிக்கால் வந்ததும் அம்மா வாசலிலேயே கேட்டார், எத்தனை கிலோ என்று. எழுபது, ரெண்டு கூடிருச்சும்மா என்றேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், ஆனால் சிரிப்பை நான் பார்த்துவிட்டேன். ராத்திரி தட்டில் மூன்று ரொட்டி இருந்தது. ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.